குழந்தை தூங்கும் இடம்: எதை வைக்கலாம், எதை எடுத்துவிட வேண்டும்

பகல் தூக்கமோ இரவுத் தூக்கமோ, பத்து நிமிடமோ ஆறு மணி நேரமோ, ஒரு வயது முடியும்வரை குழந்தையை மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும். படுக்கை கெட்டியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். அதில் குழந்தையைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. விதி இவ்வளவுதான். ஆனால் செய்யும்போது சந்தேகம் வரும். பால் கக்கினால் புரையேறாதா? தலையணை இல்லாமல் எப்படிப் படுக்கும்? குளிராதா? தானாகவே குப்புறக் கவிழ்ந்துவிட்டால்? விதி தளர்வது இந்தச் சந்தேகங்களால்தான் என்பதால், காரணத்தோடு சேர்த்தே சொல்கிறோம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு

நன்றாக இருந்த குழந்தை ஒரு வயதுக்குள் தூக்கத்தில் இறந்துபோகிறது. பிரேதப் பரிசோதனை செய்தும், படுத்திருந்த இடத்தை ஆராய்ந்தும், மருத்துவக் குறிப்புகளைப் பார்த்தும் காரணம் கிடைக்கவில்லை என்றால் அதைத் திடீர் சிசு மரணம் என்கிறார்கள். மருத்துவர்கள் 'சிட்ஸ்' என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். இவற்றில் ஏறக்குறைய 90 சதவீதம் ஆறு மாதம் முடிவதற்குள் நடக்கின்றன. இரண்டு மாதத்திலிருந்து நான்கு மாதம் வரையிலான காலம்தான் உச்சம். தலையணையில் முகம் புதைந்து மூச்சடைப்பதும், மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக்கொள்வதும் வேறு வகை. அவற்றுக்குக் காரணம் தெரியும். ஆனால் தடுக்கும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்.

ஃபிலியானோ, கின்னி என்ற இரு ஆய்வாளர்கள் 1994-ல் ஒரு விளக்கம் சொன்னார்கள். உள்ளுக்குள் ஏதோ ஒரு பலவீனத்தோடு பிறந்த குழந்தை, வேகமாக மாறிக்கொண்டிருக்கும் முதல் ஆறு மாத வளர்ச்சி, வெளியிலிருந்து வரும் ஒரு நெருக்கடி, இந்த மூன்றும் ஒரே நேரத்தில் கூடினால் ஆபத்து என்பதே அது. மெத்தென்ற படுக்கையில் குப்புறப் படுத்த குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கைச் சுற்றித் துணியில் ஒரு சிறு பள்ளம் விழுகிறது. விட்ட மூச்சு அதிலேயே தங்கிவிடுகிறது. அடுத்த மூச்சில் அதையே திரும்ப இழுக்கிறது. ஆக்சிஜன் குறைகிறது, கார்பன் டை ஆக்சைடு கூடுகிறது. பெரும்பாலான குழந்தைகள் இந்தக் கட்டத்தில் விழித்து, தலையைத் திருப்பி, அழுதுவிடும். இறந்த குழந்தைகள் பலரின் மூளைத்தண்டை ஆராய்ந்தபோது, மூச்சையும் விழிப்பையும் கவனிக்கும் அந்தப் பகுதியில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளின் வேலையில் கோளாறு இருந்தது தெரியவந்தது. அப்படிப்பட்ட குழந்தை விழிப்பதில்லை.

எந்தக் குழந்தைக்கு இந்தப் பலவீனம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. வளர்ச்சியை நிறுத்திவைக்கவும் முடியாது. நம் கையில் இருப்பது மூன்றாவது மட்டும்: மூக்குக்கு முன்னால் புதுக்காற்று இருக்க வேண்டும், கழுத்து மடங்கக் கூடாது, உடம்பு சூடேறக் கூடாது. இனி வரும் விதிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஏதோ ஒன்றுக்காகத்தான்.

இது ஏட்டளவில் நிற்கும் பேச்சு அல்ல. பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் குழந்தைகளை மல்லாக்கப் படுக்கவையுங்கள் என்று நாடு தழுவிய பிரசாரம் தொடங்கியது. அதையொட்டிய ஆண்டுகளில் இந்த மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. மருந்து எதுவும் தேவைப்படவில்லை; படுக்கவைக்கும் விதம் மாறியது, அவ்வளவுதான்.

மல்லாக்க என்றால் மல்லாக்கத்தான்

ஒருக்களித்துப் படுக்கவைப்பது நடுவழி போலத் தோன்றும். அப்படியில்லை. பக்கவாட்டில் படுத்த குழந்தை லேசாக அசைந்தாலே குப்புறச் சாய்ந்துவிடும். சாயாமல் இருக்க முதுகுக்குப் பின்னால் துணியைச் சுருட்டி வைத்தால், அந்தத் துணியே அடுத்த ஆபத்து.

பால் கக்கிப் புரையேறும் என்ற பயம்தான் எல்லா வீட்டிலும் முதலில் வருவது. உடலமைப்பு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். வயிற்றிலிருந்து மேலே வரும் பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். அதற்குள் குழந்தை விழுங்கிவிடும் அல்லது இருமி வெளியே தள்ளிவிடும். குப்புறப் படுத்தால் இந்த அமைப்பு தலைகீழாகி, மேலே வந்த பால் மூச்சுக்குழாயின் வாசலிலேயே வந்து தேங்கும். அதனால் அடிக்கடி பால் கக்கும் குழந்தையையும் மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும். தலைப்பக்கம் உயர்த்திவைப்பதாலும் பயனில்லை. குழந்தை சறுக்கி, முகவாய் நெஞ்சில் இடிக்கும் நிலைக்கு வந்துவிடும். பால் கொடுத்தபின் சிறிது நேரம் நிமிர்த்தி வைத்து, ஏப்பம் வந்ததும் படுக்கவைத்தால் போதும். தொண்டை அமைப்பிலேயே பிறவிக் குறை இருக்கும் சில குழந்தைகளுக்கு மருத்துவர் வேறு நிலை சொல்லலாம். அது அந்தக் குழந்தைக்கு மட்டும்.

குறைமாதக் குழந்தைகளை மருத்துவமனையில் மூச்சுக்கு உதவியாகச் சில காலம் குப்புறப் படுக்கவைப்பார்கள். அங்கே கருவி இருக்கிறது, ஆள் இருக்கிறார். அதைப் பார்த்துப் பழகிய பெற்றோர் வீட்டிலும் அப்படியே தொடர்வது வழக்கமான தவறு. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் ஆபத்து அதிகம் என்பதால், அவர்களுக்கு மல்லாக்கப் படுப்பது இன்னும் கட்டாயம்.

குழந்தை நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் கவிழத் தொடங்கும். படுக்கவைக்கும்போது மல்லாக்கப் படுக்கவையுங்கள். மல்லாந்த நிலையிலிருந்து குப்புறவும், குப்புறவிருந்து மல்லாக்கவும் தானாகவே மாறத் தெரிந்துவிட்டால், இரவில் எழுந்து திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் மட்டுமே கவிழத் தெரிந்த நாட்களில், பார்த்தவுடன் திருப்பிவிடுங்கள். படுக்கை காலியாக இருப்பது மிகவும் உதவுவது அந்த நாட்களில்தான்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. எப்போதும் மல்லாக்கவே தூங்கிப் பழகிய குழந்தையை யாராவது ஒரு நாள் குப்புறப் போட்டால், அந்த ஒரு நாளின் ஆபத்து, குப்புறவே தூங்கிப் பழகிய குழந்தைக்கு இருப்பதைவிடப் பல மடங்கு. தாத்தா பாட்டி, பகலில் பார்த்துக்கொள்பவர், காப்பகம் என்று குழந்தை யார் பொறுப்பில் தூங்கினாலும் இதை வாயால் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். தங்கள் பிள்ளைகளைக் குப்புறப் போட்டு வளர்த்தவர்கள் 'நாங்கள் வளர்க்கவில்லையா' என்பார்கள். அந்தக் காலத்தில் மருத்துவர்களே அப்படிச் சொன்னதும் உண்மைதான். அறிவுரை மாறியது 1990-களில்.

படுக்கை

உள்ளங்கையால் மெத்தையை அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். பள்ளம் நிற்காமல் உடனே சமமாகிவிட வேண்டும். குழந்தையைப் படுக்கவைத்தாலும் தலைக்குக் கீழே குழி விழக் கூடாது. நமக்குச் 'சுகமாக' இருக்கும் மெத்தை குழந்தைக்கு ஆகாது. கெட்டியாக இருக்கிறதே என்று நாம்தான் வருந்துகிறோம், குழந்தை வருந்துவதில்லை. மேலே ஒரே ஒரு விரிப்பு. அது மெத்தையின் நான்கு மூலைகளிலும் இழுத்துப் பிடித்து நிற்க வேண்டும். காலால் உதைத்தால் சுருண்டு வரக் கூடாது.

தொட்டில் கட்டிலில் பார்க்க வேண்டிய அளவுகள் இரண்டு. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. கம்பிகளுக்கு நடுவே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. அதற்கு மேல் போனால் உடம்பு நழுவி வெளியே வந்து தலை மாட்டிக்கொள்ளும். பழைய கட்டிலை வாங்கினால் ஒவ்வொரு திருகாணியையும் இறுக்கிப் பாருங்கள். கம்பி ஒன்று குறைந்தாலும் அதைப் பயன்படுத்தாதீர்கள். பக்கவாட்டுச் சட்டம் கீழே இறங்கும் வகைக் கட்டில்களில் சட்டம் கழன்று குழந்தைகள் சிக்கி இறந்ததால், அமெரிக்காவில் 2011-லேயே அவற்றின் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். மடக்கிச் செல்லும் வலைக் கட்டிலோடு வரும் மெத்தை மெல்லியதாகத்தான் இருக்கும். பாவம் என்று அதன் மேல் இன்னொரு மெத்தை போட்டால், அதற்கும் வலைக்கும் நடுவே குழந்தை உருண்டு போய் முகம் அழுந்தும் இடைவெளி உண்டாகும்.

தலையணை, போர்வை, ரஜாய், பொம்மை, கம்பிகளைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் திண்டு, குழந்தையைச் சுற்றி வளையமாக வைக்கும் மெத்தைக் கூடு, பால் கொடுக்க வைத்துக்கொள்ளும் வளைந்த தலையணை, தலைக்குக் கீழே செருகும் சாய்வுக்கட்டை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். குழந்தைப் பொருட்களாகவே விற்கப்படுகின்றன என்பதால் இவை பாதுகாப்பானவை என்று நினைத்துவிட வேண்டாம். படம் எடுத்துப் போட அழகாக இருக்கும் தொட்டில்தான் பெரும்பாலும் ஆபத்தான தொட்டில். பஞ்சுத் திண்டுகளையும், 10 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கும் குழந்தைப் படுக்கைகளையும் அமெரிக்கா 2022-ல் சட்டம் போட்டே நிறுத்தியது. மெத்தை வாங்கிவந்த பிளாஸ்டிக் உறையையும் கழற்றிவிடுங்கள். ஜன்னல் திரைக் கயிறு, சார்ஜர் ஒயர், கேமரா ஒயர் எதுவும் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. கழுத்தில் மணி, சங்கிலி, பால் துடைக்கும் துணி இருந்தால் படுக்கவைக்கும் முன் அவிழ்த்துவிடுங்கள்.

கார் சீட், ஊஞ்சல் இருக்கை, தூளி, முன்பக்கம் தூக்கிச் செல்லும் பை ஆகியவற்றில் தூங்கிவிடுவதை முழுவதும் தவிர்க்க முடியாது. இவற்றில் குழந்தையின் முதுகு வளையும், கழுத்து நிற்காத குழந்தையின் தலை முன்னால் தொங்கும், முகவாய் நெஞ்சைத் தொடும். மூச்சுக்குழாய் இன்னும் மென்மையாக இருக்கும் வயதில் அந்த மடிப்பே அதை அடைத்துவிடும், சத்தம்கூட வராது. பயணத்துக்குக் கார் சீட் கட்டாயம் வேண்டும். வண்டி நின்றதும், தூக்கம் கலைந்தாலும் பரவாயில்லை என்று எடுத்துச் சமமான படுக்கைக்கு மாற்றிவிடுங்கள். வீட்டுக்குள் வந்தபின் பட்டையை மட்டும் தளர்த்திவிட்டு அதிலேயே விட்டுவிடுவது இன்னும் மோசம். சறுக்கிய குழந்தையின் கழுத்தில் அந்தப் பட்டை மாட்டிக்கொள்ளும். தூக்கிச் செல்லும் பையில் குழந்தையின் முகம் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், மூக்கின் மேல் துணி படக் கூடாது.

வெளியூரில், எதிர்பாராத இரவில் தொட்டில் இல்லையென்றால், உறுதியான அட்டைப்பெட்டியிலோ கூடையிலோ மெல்லிய, கெட்டியான விரிப்பைப் போட்டு அந்த ஓர் இரவைச் சமாளிக்கலாம். பெரியவர்களின் பஞ்சு மெத்தையைவிட அது மேல்.

ஒரே அறை, தனிப் படுக்கை

குறைந்தது முதல் ஆறு மாதம் குழந்தை உங்கள் அறையிலேயே, உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில், ஆனால் தன்னுடைய படுக்கையில் தூங்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகத்தின் 2022 வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. இரட்டைக் குழந்தைகளானாலும் தனித்தனிப் படுக்கை.

பெற்றோரின் படுக்கையில் ஆபத்து எல்லா வீட்டிலும் ஒரே அளவு இல்லை. நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, குறைமாதத்தில் அல்லது 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தை, பெற்றோரில் ஒருவராவது புகைபிடிப்பவர், மது குடித்தவர், தூக்கம் வரும் மருந்து சாப்பிட்டவர், பஞ்சு மெத்தை, கனமான போர்வை என இவற்றில் ஒன்று இருந்தாலே ஆபத்து கூர்மையாக ஏறும். சளி மருந்து, வலி மருந்து சிலவற்றிலும் மயக்கம் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆனால் எல்லாவற்றையும்விட மோசமானது சோபா. அதிலும் சாய்வு நாற்காலியிலும் குழந்தையோடு சேர்ந்து தூங்கிவிட்டால் சிட்ஸ் ஆபத்து 50 மடங்கு வரை கூடும் என்று திடீர் சிசு மரணத்தைத் தடுக்கப் பாடுபடும் பிரிட்டன் தொண்டு நிறுவனமான லல்லபி டிரஸ்ட் எச்சரிக்கிறது. சாய்மானத்துக்கும் உங்கள் உடம்புக்கும் நடுவே குழந்தை நழுவி இறங்கும். அந்த இடத்தில் காற்றே இருக்காது. படுக்கையில் குழந்தையோடு தூங்கக் கூடாது என்று பயந்து, இரவு மூன்று மணிக்கு சோபாவில் போய் உட்கார்ந்து பால் கொடுக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். விதியைப் பாதி மட்டும் கேட்டதன் விளைவு இது. கண் சொக்குகிறது என்றால் சோபாவைவிடக் கட்டிலே பரவாயில்லை. அதற்குத் தோதாகக் கட்டிலை முன்கூட்டியே சரிசெய்து வையுங்கள்: உங்கள் தலையணையும் போர்வையும் குழந்தை பக்கம் வராமல் தள்ளி இருக்கட்டும், சுவரோரம் இடைவெளி வேண்டாம், மூத்த பிள்ளையோ நாயோ பூனையோ அங்கே இருக்கக் கூடாது. தூங்கிவிட்டால், விழித்த அந்த நொடியில் குழந்தையை அதன் படுக்கைக்கு மாற்றுங்கள்.

சூடு, உடை, துணியில் சுற்றுவது

குளிரைவிட வெக்கைதான் இதில் எதிரி. அதே அறையில் நீங்கள் சிரமமில்லாமல் இருக்க எவ்வளவு உடுத்துவீர்களோ, அதைவிட அதிகபட்சம் ஒரு அடுக்கு கூடுதலாகப் போதும். வெக்கையான அறையில் அந்தக் கூடுதல் அடுக்கும் வேண்டாம். வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பி போடாதீர்கள். குழந்தையின் உடம்பில் கூடும் சூடு தலைவழியாகவும் வெளியேற வேண்டும். தவிர, தொப்பி நழுவி முகத்தை மூடும். கை கால் சில்லென்று இருப்பது சாதாரணம், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நெஞ்சையோ பின்கழுத்தையோ தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்வை, சூடு, சிவந்த தோல் இருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள். மின்விசிறியோ ஏசியோ ஓடலாம், முகத்தில் நேராக அடிக்க வேண்டாம். குளிர் அதிகமுள்ள இடங்களில் போர்வைக்குப் பதில், கழுத்தும் கைத்துவாரமும் சரியாகப் பொருந்தும் தூங்கும் பை நல்லது.

துணியில் சுற்றினால் குழந்தை அமைதியாகத் தூங்கும், சரி. ஆனால் அதனால் சிட்ஸ் குறைவதில்லை. சுற்றினால் இப்படிச் சுற்றுங்கள்: துணி மெல்லியதாக, தோளுக்கு மேல் வராமல், நெஞ்சுக்கும் துணிக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக, இடுப்புக்குக் கீழே கால் மடங்கி விரிய இடம் விட்டு. காலை நீட்டி இறுக்கினால் இடுப்பு மூட்டு கெடும். சுற்றிய குழந்தை குப்புறக் கவிழ்ந்தால் கையை ஊன்றித் தலையைத் தூக்க முடியாது. அதனால் கவிழ முயலும் முதல் அறிகுறி தெரிந்த அன்றே சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும். பல குழந்தைகளுக்கு இது மூன்று நான்கு மாதத்திலேயே வந்துவிடும். கனம் சேர்த்துத் தைத்த சுற்றுத்துணிகளையும் போர்வைகளையும் வாங்கவே வேண்டாம்.

புகை, தாய்ப்பால், சூப்பான்

மாற்ற முடிந்த காரணங்களில் படுக்கும் நிலைக்கு அடுத்துப் பெரியது புகை. கர்ப்ப காலத்தில் தாய் புகைபிடிப்பதும், பிறந்தபின் குழந்தையைச் சுற்றிப் புகை இருப்பதும் இரண்டுமே கணக்கில் வரும். வாசலில் நின்று பிடித்துவிட்டு உடனே வந்து குழந்தையைத் தூக்குபவரின் சட்டையிலும் மூச்சிலும் புகை இருக்கிறது.

தாய்ப்பால் பாதுகாப்பு தருகிறது. இரண்டு மாதமாவது கொடுத்தால் ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது. முழுக்கத் தாய்ப்பாலாக இல்லாமல் புட்டிப்பாலும் சேர்த்துக் கொடுத்தாலும் பலன் உண்டு. தடுப்பூசி போட்ட குழந்தைகளிடமும் சிட்ஸ் குறைவாகவே காணப்படுகிறது. ஊசி போடும் வயதும் சிட்ஸ் உச்சத்தில் இருக்கும் வயதும் ஒன்றாக இருப்பதால்தான் ஊசி மேல் பழி விழுகிறது.

தூங்கும்போது சூப்பான் கொடுப்பதும் ஆபத்தைக் குறைக்கிறது. ஏன் என்பதற்கு உறுதியான விளக்கம் இன்னும் இல்லை, ஆனால் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு, மார்பில் நன்றாகப் பிடித்துக் குடிக்கப் பழகியபின் கொடுங்கள். தூக்கத்தில் விழுந்துவிட்டால் திரும்ப வாயில் வைக்க வேண்டாம். கயிறு கட்டிக் கழுத்திலோ சட்டையிலோ தொங்கவிடக் கூடாது. வேண்டாம் என்றால் வற்புறுத்தவும் வேண்டாம்.

மூச்சையும் நாடித்துடிப்பையும் காட்டும் காலுறை, வயிற்றில் செருகும் கருவி போன்றவை சிட்ஸைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. தவறான எச்சரிக்கை ஒலிகளில் பெற்றோரின் தூக்கம் போவது ஒருபுறம் இருக்கட்டும். கருவிதான் பார்த்துக்கொள்கிறதே என்று குப்புறப் படுக்கவைக்கத் துணிவதுதான் உண்மையான கெடுதல்.

குப்புறப் போடுவதும் வேண்டும், விழித்திருக்கும்போது

எந்நேரமும் மல்லாக்கவே கிடந்தால் பின்தலை தட்டையாகும், கழுத்தும் தோளும் வலுப்பட நாளாகும். எனவே குழந்தை விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, தரையில் விரித்துக் குப்புறப் போடுங்கள். வீட்டுக்கு வந்த முதல் நாட்களிலிருந்தே தடவைக்கு ஓரிரு நிமிடமாகத் தொடங்கலாம். ஏழு வார வயதில் நாளைக்கு மொத்தம் 15 முதல் 30 நிமிடம் வரை கொண்டுவந்தால் நல்லது. தட்டைத் தலையைத் தவிர்க்க, ஒரு நாள் தலை இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம் என்று தொட்டிலில் படுக்கும் திசையை மாற்றுங்கள். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கும் பக்கம்தான் குழந்தை முகத்தைத் திருப்பும். நடுவில் பள்ளம் வைத்த 'தலை உருண்டையாக்கும்' தலையணை இதற்குத் தீர்வு ஆகாது.

குழந்தை மூச்சு விடவில்லை என்றால்

உள்ளங்காலைத் தட்டிக் கூப்பிட்டுப் பாருங்கள். குலுக்கக் கூடாது. அசைவில்லை, மூச்சில்லை அல்லது எப்போதாவது விக்கல் போல இழுக்கிறது என்றால் உரக்கக் கத்தி ஆளைக் கூப்பிடுங்கள். வேறு ஆள் இருந்தால் அவர் அவசர உதவி எண்ணை அழைக்கட்டும். தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். போன் கையில் இல்லையென்றால் இரண்டு நிமிடம் முதலுதவி செய்துவிட்டு அழைக்கப் போங்கள்.

கெட்டியான, சமமான இடத்தில் மல்லாக்கக் கிடத்துங்கள். இரு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து, இரண்டு கட்டைவிரல்களையும் முலைக்காம்புகளுக்குச் சற்றுக் கீழே நடு மார்பெலும்பில் வையுங்கள். சுமார் 4 சென்டிமீட்டர், அதாவது மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போகும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் 30 முறை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பின் மார்பு முழுதாக மேலெழ விடுங்கள். பிறகு தலை நேராக இருக்கும்படி முகவாயை லேசாக உயர்த்துங்கள்; பெரியவர்களுக்குச் செய்வதுபோலப் பின்னால் சாய்த்தால் மூச்சுக்குழாய் மடங்கும். குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, மார்பு எழும்புவது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மட்டும் ஒரு நொடி ஊதுங்கள், இரண்டு முறை. மீண்டும் 30 அழுத்தம். குழந்தை அசையும்வரை அல்லது உதவி வந்து பொறுப்பை ஏற்கும்வரை நிறுத்த வேண்டாம்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, பொம்மையை வைத்து நேரில் கற்றுக்கொடுக்கும் வகுப்பில் செய்து பழகுவது மேல். பிரசவத்துக்கு முன்பே அப்பா, அம்மா, குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் எல்லோரும் ஒரு முறை போய்வந்துவிடுங்கள்.